தாமே கூடும் சர்க்கரைத் துகள்கள்

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (வேதியியல்)

வீடு கட்டக் கொத்தனார் வேண்டும். பானை வனையக் குயவர் வேண்டும். துணி நெய்ய நெசவாளர் வேண்டும். ஆனால் செய்வார் எவரும் இன்றி, நீருக்குள் தாமே ஒன்றுகூடி, ஏறத்தாழ ஒரே அளவுடைய நுண்ணிய உருண்டைகளாகத் தம்மை ஆக்கிக்கொள்ளும் பொருள்களும் உலகில் உண்டு. சோப்பு நுரையை அறியாதார் இல்லை. நீரில் கரைந்த சோப்பு மூலக்கூறுகள் அப்படித்தான் கூடுகின்றன. நம் உடலிலுள்ள உயிரணுக்களின் உறையும் இவ்வகையில் கூடியதே. இவ்வித்தையை இயற்கையிடம் கற்று, சர்க்கரைச் சங்கிலிகளைக் கொண்டு ஜப்பானிய வேதியியலார் செய்து காட்டிய ஒரு செயலைப் பற்றியே இக்கட்டுரை.

வேதியியல் பயிலும் நண்பர்களுக்கு மட்டுமன்றி, வரலாறும் இலக்கியமும் வணிகவியலும் பயிலும் நண்பர்களுக்கும் இது விளங்க வேண்டும் என்பது என் ஆசை. ஆகவே சமன்பாடுகளை விட்டுவிட்டுப் பொருளை மட்டும் சொல்லிச் செல்கிறேன்.

சங்கிலியும் கண்ணியும்

சர்க்கரை என்றவுடன் நம் நினைவுக்கு வருவது இனிப்பு. வேதியியலார்க்கோ அது ஒரு பெருங்குடும்பத்தின் பெயர். அக்குடும்பத்தின் எளிய உறுப்பினர்களுள் ஒன்று குளுக்கோஸ். ஆறு கார்பன் அணுக்களைக் கொண்ட இம்மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு, நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் நீண்ட சங்கிலிகளாகின்றன. இத்தகைய சங்கிலிகளைப் பாலிசாக்கரைடுகள் என்பர். நாம் அவற்றைக் கூட்டுச் சர்க்கரை என்று அழைப்போம்.

நாம் உண்ணும் அரிசியிலுள்ள மாவுப்பொருள் ஒரு கூட்டுச் சர்க்கரை. நாம் உடுத்தும் பருத்தியிலுள்ள செல்லுலோஸும் ஒரு கூட்டுச் சர்க்கரையே. இரண்டும் குளுக்கோஸ் என்னும் ஒரே கண்ணியால் ஆனவை. ஆயினும் சோறு செரிக்கிறது, வேட்டி செரிக்காது. காரணம் என்ன? கண்ணிகள் கோக்கப்பட்ட விதமே காரணம். மாவுப்பொருளில் ஆல்ஃபா என்னும் முறையிலும், செல்லுலோஸில் பீட்டா என்னும் முறையிலும் கண்ணிகள் இணைந்துள்ளன. நம் உமிழ்நீரிலும் குடலிலும் உள்ள நொதிகளுக்கு முதல் பூட்டைத் திறக்கத் தெரியும். இரண்டாவதைத் திறக்கத் தெரியாது. ஓர் இணைப்பின் திசை மாறினால் உணவு உடையாகிவிடுகிறது என்பதை எண்ணிப் பார்த்தால், வேதியியல் எவ்வளவு நுட்பமானது என்பது விளங்கும்.

எங்கள் வீடு கைத்தறி நெசவாளர் வீடு. தறியில் ஏற்றுமுன் பாவு நூலுக்குக் கஞ்சி போட வேண்டும். போடாவிட்டால் உராய்வில் இழை அறுந்துபோகும். அம்மா காய்ச்சும் அரிசிக் கஞ்சி அடுப்பிலிருந்து இறக்கும்போது பாகு போல் வழியும். ஆற ஆற இறுகும். மறுநாள் வரை வைத்திருந்தால் கஞ்சி கட்டியாகி, நீர் தனியே பிரிந்து நிற்கும். சிறு வயதிலிருந்து பார்த்த இந்தக் காட்சிக்குக் காரணம் கல்லூரியில்தான் எனக்குத் தெரிந்தது. கொதிக்கும் நீரில் பிரிந்து மிதந்த மாவுச் சங்கிலிகள், ஆறியபின் ஒன்றோடொன்று இணையாகப் படுத்துக்கொள்கின்றன. அவை நெருங்க நெருங்க, இடையிலிருந்த நீர் வெளியே தள்ளப்படுகிறது. ஆகவே மாவுச் சங்கிலிகளும் தாமே கூடுகின்றன என்பது உண்மை. ஆனால் அக்கூட்டத்திற்கு அளவில்லை, ஒழுங்கில்லை, எல்லையில்லை. கூடத் தொடங்கினால் பானை முழுவதும் ஒரே கட்டிதான்.

அளவோடு கூடி, அந்த அளவோடு நிற்கும் சங்கிலி வேண்டுமாயின் என்ன செய்வது? அதற்கு முதலில், தன் இனத்தோடு இவ்வாறு ஒட்டிக்கொள்ளாத ஒரு கூட்டுச் சர்க்கரையைத் தேட வேண்டும்.

பூஞ்சை தந்த புல்லுலான்

அத்தகைய சர்க்கரையின் பெயர் புல்லுலான். ஆரியோபசிடியம் புல்லுலன்ஸ் என்னும் கரிய பூஞ்சை இதைத் தன் உடலுக்கு வெளியே சுரக்கிறது. மாவுப்பொருளைச் சிதைத்துப் பெற்ற பாகை உணவாகக் கொடுத்தால், அது புல்லுலானாக மாற்றித் தருகிறது. ஜப்பானில் ஒகயாமா நகரைச் சேர்ந்த ஹயாஷிபாரா நிறுவனம் 1976-ஆம் ஆண்டில் இதை வணிக அளவில் தயாரிக்கத் தொடங்கியது. உணவுப் பொருள்களின் மேல் பூசவும், மாத்திரைக் கூடுகள் செய்யவும் இது பயன்படுகிறது. மணமும் சுவையும் அற்றது, உண்ணத்தக்கது.

புல்லுலானும் குளுக்கோஸால் ஆனதுதான். மூன்று குளுக்கோஸ்கள் மாவுப்பொருளில் உள்ளது போலவே முதல் கார்பனுக்கும் நான்காம் கார்பனுக்கும் இடையே இணைகின்றன. அந்த மூன்று கொண்ட தொகுதி அடுத்த தொகுதியோடு முதல் கார்பனுக்கும் ஆறாம் கார்பனுக்கும் இடையே இணைகிறது. இந்த ஆறாம் கார்பன் இணைப்பு, கதவின் கீல் போன்றது, எளிதில் திரும்பும். மூன்று கண்ணிக்கு ஒரு கீல் இருப்பதால் சங்கிலி வளைந்து நெளிந்து கிடக்கும். கம்புகளைக் கட்டாக அடுக்கலாம். கயிற்றுத் துண்டுகளை அப்படி அடுக்க முடியுமா? அதனால் புல்லுலான் குளிர்ந்த நீரிலும் நன்கு கரைகிறது. ஆறினாலும் கஞ்சி போல் கட்டியாவதில்லை.

கும்மியும் எண்ணெயும்

இனி, சங்கிலிகளைக் கூட வைக்கும் விசையைக் காண்போம். நீரில் எண்ணெய் கலக்காது என்பது யாவரும் அறிந்தது. எண்ணெய்த் துளிகள் ஒன்றையொன்று இழுத்துக்கொள்வதால்தான் சேர்கின்றன என்று நாம் எளிதில் நினைத்துவிடுவோம். உண்மையில் அங்கே பெரும்பங்கு ஆற்றுவது நீர்.

நீர் மூலக்கூறுகள் ஹைட்ரஜன் பிணைப்பு என்னும் கைகளால் ஒன்றையொன்று பற்றிக்கொண்டே இருக்கின்றன. நொடிக்கு நொடி ஒரு கையை விட்டு இன்னொரு கையைப் பற்றுகின்றன. ஊர்த் திருவிழாவில் பெண்கள் கும்மியடிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் எல்லாப் பக்கமும் திரும்பிக் கைதட்டி ஆடும் கூட்டத்தின் நடுவே, கைதட்டாத ஒருவர் வந்து நின்றால் என்ன ஆகும்? அவரைச் சுற்றியுள்ளோர் அவர் பக்கம் திரும்ப முடியாது. முதுகை அவருக்குக் காட்டி, மற்றவரோடு மட்டுமே கைதட்ட வேண்டும். அவர்களுடைய ஆட்டத்தின் உரிமை குறைந்துவிடுகிறது. அத்தகையவர் பத்துப் பேர் பத்து இடத்தில் நின்றால் கும்மி முழுவதும் தடைப்படும். அந்தப் பத்துப் பேரும் ஓரிடத்தில் நெருங்கி நின்றால், அவர்களைச் சுற்றித் தடைப்படுவோர் தொகை மிகவும் குறையும்.

நீருக்குள் எண்ணெய்த் தன்மையுள்ள மூலக்கூறுகளின் நிலையும் இதுவே. அவை சேர்ந்துகொண்டால், அவற்றைச் சுற்றி ஒழுங்குபடுத்தப்பட்டு நின்ற நீர் மூலக்கூறுகள் விடுதலை பெறுகின்றன. புரதங்களின் வடிவத்தை ஆராய்ந்த அமெரிக்க வேதியியலார் வால்டர் காவுஸ்மன் 1959-ஆம் ஆண்டில் இவ்விசையின் முதன்மையை எடுத்துக்காட்டினார்.

இவ்விடத்தில் இயற்பியல் நண்பர் ஒருவர் வினா எழுப்பக்கூடும். "வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதிப்படி, தானே நிகழும் செயலில் ஒழுங்கின்மை பெருக வேண்டுமே. தாறுமாறாகக் கிடந்த சங்கிலிகள் ஒழுங்கான உருண்டையாவது விதிக்கு முரண் அல்லவா?" நல்ல வினா. விடை இதுதான்: சங்கிலிகள் ஒழுங்கு பெறுகின்றன, ஆனால் அதைவிட மிகுதியாக நீர் ஒழுங்கிழக்கிறது. இரண்டையும் கூட்டிக் கணக்கிட்டால் என்ட்ரோபி உயர்ந்தே இருக்கும். நாம் உருண்டையை மட்டும் பார்க்கிறோம்; விதி, பாத்திரம் முழுவதையும் பார்க்கிறது.

கியோட்டோவில் நடந்தது

1980-களில் ஜப்பானிய வேதியியலார் ஜுன்ஸோ சுனமோட்டோ, லிப்போசோம் எனப்படும் கொழுப்புக் குமிழிகளை ஆராய்ந்துவந்தார். மருந்தை உள்ளே வைத்து உடலுக்குள் அனுப்ப ஏற்ற குமிழிகள் அவை. ஆனால் எளிதில் உடைபவை. செடிகளின் உயிரணுக்களுக்குச் சர்க்கரையாலான சுவர் இருப்பது போல, இக்குமிழிகளுக்கும் ஒரு சர்க்கரைப் போர்வை போர்த்தினால் என்ன என்று அவர் எண்ணினார். போர்வை குமிழியில் பற்றி நிற்க ஊக்கு வேண்டுமே! அதற்காகக் கூட்டுச் சர்க்கரைச் சங்கிலியில் ஆங்காங்கே கொலஸ்ட்ராலைப் பிணைத்தார். கொலஸ்ட்ரால் என்றவுடன் அஞ்ச வேண்டியதில்லை. நம் உயிரணுக்களின் உறையில் இயல்பாகவே இருக்கும் பொருள் அது. நீரை அறவே வெறுப்பது.

போர்வைக்காகச் செய்த இந்தச் சங்கிலி, குமிழியே இல்லாத வெறும் நீரில் என்ன செய்யும்? கியோட்டோ பல்கலைக்கழகத்தில் கஸுநாரி அகியோஷியும் சுனமோட்டோவும் அவர்தம் குழுவினரும் இதை ஆராய்ந்து, 1993-ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். கொலஸ்ட்ரால் தாங்கிய புல்லுலானை நீரில் ஊறவைத்து, மீயொலியால் பெரிய திரள்களைக் கலைத்துவிட்டால், சங்கிலிகள் தாமே கூடி 20 முதல் 30 நானோமீட்டர் குறுக்களவுள்ள துகள்களாகின்றன என்று கண்டனர்.

நானோமீட்டர் என்பது ஒரு மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு. நம் தலைமயிரின் தடிமன் ஏறத்தாழ 80,000 நானோமீட்டர். எனவே இத்துகளின் குறுக்களவு தலைமயிரின் தடிமனில் மூவாயிரத்தில் ஒரு பங்கு எனலாம். கண்ணால் காண முடியாத இதை எப்படி அளந்தார்கள்? முதலாமாண்டில் நாம் படித்த டிண்டால் விளைவு நினைவிருக்கலாம். கூழ்மத்தின் ஊடே செல்லும் ஒளி சிதறும். துகள்கள் ஓயாமல் ஆடுவதால் சிதறும் ஒளியும் மினுங்கும். சிறிய துகள் விரைந்து ஆடும். பெரியது மெல்ல ஆடும். மினுக்கத்தின் வேகத்திலிருந்து துகளின் அளவைக் கணக்கிடலாம்.

நூற்றுக்கு ஒன்றிரண்டு

இக்கதையில் என்னை மிகவும் ஈர்த்தது கொலஸ்ட்ராலின் அளவே. அவர்கள் பிணைத்தது நூறு குளுக்கோஸ் கண்ணிக்கு ஒன்று அல்லது இரண்டு மட்டும். மூலக்கூறு எடை 55,000 உள்ள ஒரு புல்லுலான் சங்கிலியை எடுத்துக்கொள்வோம். சங்கிலியில் கோத்த ஒரு குளுக்கோஸின் எடை 162. ஆகவே அச்சங்கிலியில் ஏறத்தாழ 340 கண்ணிகள் இருக்கும். நூற்றுக்கு ஒன்றிரண்டு என்றால், சங்கிலி முழுவதற்கும் மூன்று முதல் ஏழு கொலஸ்ட்ரால்களே உள்ளன. முந்நூற்று முப்பதுக்கு மேற்பட்ட கண்ணிகள் நீரை விரும்ப, ஐந்தாறு இடங்கள் மட்டும் நீரை வெறுக்கின்றன. அந்த ஐந்தாறு இடங்களே துகளின் வடிவத்தை முடிவு செய்கின்றன!

கொலஸ்ட்ராலே இல்லாவிட்டால் சங்கிலி கரைந்து சும்மா கிடக்கும். மிகுதியாக ஏற்றினால் நீரில் நிற்காமல் திரண்டு படிந்துவிடும். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்ற பழமொழி வேதியியலுக்கும் பொருந்தும். சரியான அளவில், ஒரு சங்கிலியின் கொலஸ்ட்ரால் இன்னொன்றின் கொலஸ்ட்ராலோடு சேர்ந்து சிறு சிறு முடிச்சுகளாகின்றன. முடிச்சுகளுக்கு இடையே சர்க்கரைச் சங்கிலி வலை போல் விரிகிறது. வலையின் கண்களில் நீர் நிறைந்திருக்கிறது. வெளிப்புறம் முழுவதும் நீரை விரும்பும் சர்க்கரையே சூழ்ந்திருப்பதால், ஒரு துகள் இன்னொரு துகளோடு ஒட்டிப் பெருகுவதில்லை. கஞ்சிக்கு இல்லாத எல்லை இதற்கு இப்படித்தான் கிடைக்கிறது. நீர் நிறைந்த வலையாதலின் இதை நானோ ஜெல் என்றும் அழைப்பர்.

சோப்புத் திரள்களுக்கும் இதற்கும் ஒரு முதன்மையான வேறுபாடு உண்டு. சோப்புக் கரைசலில் நீரை ஊற்றிக்கொண்டே போனால், ஓர் எல்லைக்குக் கீழே திரள்கள் கலைந்துவிடும். ஏனெனில் ஒவ்வொரு சோப்பு மூலக்கூறும் தனியாள். விட்டுச் செல்வது எளிது. புல்லுலான் சங்கிலியோ பல முடிச்சுகளில் ஒரே நேரத்தில் கட்டுண்டிருக்கிறது. ஒரு முடிச்சு அவிழ்ந்தாலும் மற்றவை பிடித்துக்கொள்ளும். மருந்தை இரத்தத்தில் செலுத்துவது, ஒரு துளியைக் குளத்தில் விடுவதற்கு ஒப்பாகும். அங்கே கலையாமல் நிற்பது எவ்வளவு தேவையான பண்பு என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

புரதத்தைக் காக்கும் வலை

என் அப்பத்தாவுக்குச் சர்க்கரை நோய். நாள்தோறும் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்கிறார். எங்கள் வீட்டில் குளிர்சாதனப் பெட்டி இல்லை. மருந்துப் புட்டியைத் தாளில் சுற்றி, ஈர மணல் பரப்பி அதன்மேல் வைத்த மண்பானைக்குள் வைக்கிறோம். சித்திரை வெயிலில் மணலை நனைக்கும் வேலை என்னுடையது. "தண்ணி காஞ்சிடுச்சாடா?" என்று அப்பத்தா ஒரு நாளைக்கு நான்கு முறையாவது கேட்பார். நீர் காய்ந்தால் மருந்து ஏன் கெட வேண்டும் என்ற வினாவே என்னை இந்தத் தலைப்பை நோக்கி இழுத்தது.

இன்சுலின் ஒரு புரதம். 1921-ஆம் ஆண்டில் கனடாவின் டொரண்டோ நகரில் பாண்டிங்கும் பெஸ்டும் பிரித்தெடுத்த இம்மருந்து, 51 அமினோ அமிலங்களால் ஆனது. புரதத்தின் உயிர் அதன் மடிப்பில் இருக்கிறது. நீரை வெறுக்கும் பகுதிகளை உள்ளே மறைத்து, விரும்பும் பகுதிகளை வெளியே காட்டி அது மடிந்திருக்கிறது. வெப்பம் மிகுந்தாலோ, மிகுதியாகக் குலுக்கினாலோ மடிப்பு நெகிழ்கிறது. மறைந்திருந்த பகுதிகள் வெளிப்பட்டவுடன், ஒரு மூலக்கூறு இன்னொன்றோடு ஒட்டிக்கொண்டு திரள்கிறது. முட்டையை வேகவைத்தால் வெள்ளைக் கரு கட்டியாவதும் இதனால்தான். கும்மிக்கு நடுவே நின்றவர்களை ஒன்றுசேர்த்த அதே விசை, இங்கே மருந்தைக் கெடுக்கிறது.

நானோ ஜெல்லின் சிறப்பு இங்கேதான் வெளிப்படுகிறது. மடிப்பு நெகிழ்ந்த புரதத்தின் நீர்வெறுக்கும் பகுதி, வலைக்குள் இருக்கும் கொலஸ்ட்ரால் முடிச்சில் ஒண்டிக்கொள்கிறது. ஒவ்வொன்றும் ஒவ்வோர் இடத்தில் ஒண்டுவதால், புரதங்கள் தமக்குள் ஒட்டித் திரள்வது தடுக்கப்படுகிறது. இன்சுலினை இத்துகள்களோடு சேர்த்தால் வெப்பத்தில் திரள்வது குறைகிறது என்றும், புரதத்தை வெட்டும் நொதியிடமிருந்தும் காப்புக் கிடைக்கிறது என்றும் அகியோஷி குழுவினர் 1998-ஆம் ஆண்டில் காட்டினர்.

பிடித்து வைத்தால் போதுமா? விடவும் வேண்டுமே! அதற்கும் அவர்கள் ஒரு சர்க்கரையையே துணைக்கு அழைத்தனர். பீட்டா சைக்ளோடெக்ஸ்ட்ரின் என்பது ஏழு குளுக்கோஸ்கள் வட்டமாகக் கோத்த வளையம். வளையத்தின் உட்புறம் நீரை விரும்பாது. கொலஸ்ட்ரால் அதனுள் பொருந்திக்கொள்ளும். எனவே வளையங்களைச் சேர்த்தவுடன் அவை கொலஸ்ட்ரால்களைத் தனித்தனியே கவ்வ, முடிச்சுகள் அவிழ்ந்து, உள்ளிருந்த புரதம் வெளியேறி மீண்டும் சரியாக மடிகிறது. 1999-ஆம் ஆண்டில் கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்னும் நொதியைச் சூடாக்கி மடிப்பைக் குலைத்து, துகள்களில் காத்து, பின்னர் வளையங்களால் விடுவித்துப் பார்த்தபோது, அதன் செயல்திறனில் பெரும்பங்கு மீண்டது.

நம் உயிரணுக்களுக்குள் இதே தொண்டைச் செய்யும் புரதங்கள் உள்ளன. அவற்றைச் சாப்பரோன்கள் என்பர். புதிதாகப் பிறந்த புரதம் தவறாக ஒட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும் துணைவர்கள் அவை. புரதம் எப்படி மடிய வேண்டும் என்ற செய்தி அதன் அமினோ அமில வரிசையிலேயே எழுதப்பட்டுள்ளது என்பதை நிறுவியமைக்காக கிறிஸ்டியன் அன்ஃபின்சென் 1972-ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றார். எனவே துணைவர் புரதத்துக்கு மடிப்பைக் கற்றுத்தர வேண்டியதில்லை. கூட்டத்திலிருந்து சற்றே விலக்கி, மடிய ஓர் இடம் தந்தால் போதும். சர்க்கரை வலை செய்வதும் அவ்வளவே.

மூக்கு வழியே தடுப்பு மருந்து

இவ்வலையின் இன்னொரு பயனையும் சொல்ல வேண்டும். பெரும்பாலான நோய்க்கிருமிகள் மூக்கு, வாய் முதலிய ஈரத்தோல் வழியாகவே நுழைகின்றன. தடுப்பு மருந்தையும் மூக்கிலேயே தந்தால் வாசலிலேயே காவல் வைத்தது போலாகும்; ஊசியும் வேண்டியதில்லை. ஆனால் வெறும் புரதத்தை மூக்கில் விட்டால் சளியோடு வெளியேறிவிடும்.

மூக்கின் உட்பரப்பு எதிர் மின்சுமை உடையது. எனவே புல்லுலான் சங்கிலியில் கொலஸ்ட்ராலோடு நேர் மின்சுமை தரும் அமினோ தொகுதிகளையும் பிணைத்தனர். டோக்கியோ பல்கலைக்கழகத்தின் ஹிரோஷி கியோனோ குழுவினரும் அகியோஷி குழுவினரும் இணைந்து, பாட்டுலினம் நச்சின் தீங்கற்ற ஒரு பகுதியை இத்துகள்களில் வைத்து எலிகளின் மூக்கில் செலுத்தினர். துகள்கள் பரப்பில் பற்றி நின்று புரதத்தை மெல்ல மெல்ல விடுவித்தன. எலிகள் நச்சை எதிர்க்கும் ஆற்றலைப் பெற்றன. இது 2010-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு. மூக்கின் மேற்புறம் மூளைக்கு அண்மையில் இருப்பதால், மருந்து மூளைக்குள் செல்கிறதா என்பதையும் அவர்கள் சோதித்தனர். செல்லவில்லை என்று கண்டனர். பின்னர் நிமோனியா காய்ச்சலுக்குக் காரணமான ஒரு கிருமிக்கு எதிராகக் குரங்குகளிடமும் இம்முறை சோதிக்கப்பட்டது. புற்றுநோய்க்கு எதிரான தடுப்பாற்றலைத் தூண்டும் முயற்சியாக, புல்லுலான் துகள்களில் புரதம் ஏற்றி, ஜப்பானில் மனிதர்களிடமும் சோதனைகள் நடந்துள்ளன.

இன்னும் கடக்க வேண்டியவை

இவற்றைப் படிக்கும்போது நாளையே மருந்துக் கடையில் இப்பொருள் கிடைக்கும் என்று தோன்றலாம். அப்படிச் சொல்வது நேர்மையாகாது. இன்சுலினைச் சர்க்கரை வலையில் வைத்து விற்கும் மருந்து இன்னும் வரவில்லை. எங்கள் வீட்டு மண்பானைக்கு இன்னும் வேலை இருக்கிறது.

தடைகள் பல. முதலாவது, இயற்கை தரும் சங்கிலிகள் ஒரே நீளமுடையவை அல்ல. நீளம் மாறினாலும், கொலஸ்ட்ராலின் விகிதம் சற்றே மாறினாலும் துகளின் பண்பு மாறும். மருந்தாகத் தர வேண்டுமானால் ஒவ்வொரு முறையும் ஒரே பொருள் கிடைத்தாக வேண்டும். இரண்டாவது, இரத்தத்தில் ஆல்புமின் முதலிய புரதங்கள் ஏராளம். அவை வலைக்குள் புகுந்து, ஏற்றி அனுப்பிய புரதத்தை வெளியே தள்ளிவிடக்கூடும். மருந்து வெளிவர இதுவே ஒரு வழி என்றாலும், வேண்டிய இடத்துக்கு முன்பே வெளிவந்தால் பயனில்லை. மூன்றாவது, எலிக்கு ஏற்றது மனிதருக்கும் ஏற்றதா என்பதைப் பல ஆண்டுச் சோதனைகளே சொல்ல முடியும். ஓர் அறிவியல் உண்மை ஆய்வுக்கூடத்திலிருந்து நோயாளியின் கைக்கு வரும் வழி நெடியது. அவ்வழி நெடியதாக இருப்பது நம் நன்மைக்கே.

புல்லுலான் மட்டுமே இவ்வாறு கூடும் என்பதும் இல்லை. இறால், நண்டு ஓடுகளிலுள்ள கைட்டினிலிருந்து கைட்டோசான் கிடைக்கிறது. அதன் நீரில் கரையும் ஒரு வகையில், பித்த அமிலத்தைச் சார்ந்த ஒரு துண்டைப் பிணைத்துத் தாமே கூடும் துகள்களைக் கொரிய ஆய்வாளர்கள் 2003-ஆம் ஆண்டில் ஆக்கினர். டெக்ஸ்ட்ரான், நம் மூட்டுகளின் நீரிலுள்ள ஹயலுரோனிக் அமிலம் ஆகியவற்றிலும் இம்முயற்சி நடந்துள்ளது. சங்கிலி மாறலாம்; பிணைக்கும் துண்டு மாறலாம். நீரை விரும்பும் நெடுஞ்சங்கிலியில் நீரை வெறுக்கும் சிறு துண்டுகளை அளவோடு வைத்தால் மீதியை நீர் பார்த்துக்கொள்ளும் என்னும் அடிப்படை மாறுவதில்லை.

நமக்கு ஒரு வினா

நாம் வகுப்பில் சர்க்கரையைக் கரிம வேதியியலில் படிக்கிறோம். என்ட்ரோபியை இயற்பிய வேதியியலில் படிக்கிறோம். புரதத்தை உயிர் வேதியியலில் படிக்கிறோம். தேர்வுத்தாளில் இவை தனித்தனிப் பகுதிகள். கியோட்டோவின் அந்தச் சிறு துகளுக்குள்ளோ மூன்றும் ஒன்றாக இருக்கின்றன. எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். படிப்பு எதற்கு உதவும் என்று வீட்டில் கேட்கும்போது, வேலை ஒன்றைத்தான் இதுவரை விடையாகச் சொல்லி வந்தேன். கஞ்சி ஏன் இறுகுகிறது, ஊசி மருந்து ஏன் வெயிலில் கெடுகிறது என்ற இரண்டும் ஒரே விதியின் இரண்டு முகங்கள் என்று அம்மாவிடமும் அப்பத்தாவிடமும் விளக்கிச் சொல்ல முடிந்ததும் ஒரு விடையே என்று இப்போது நினைக்கிறேன்.

இறுதியாக ஒன்று. பாவுக் கஞ்சிக்கு அரிசியைப் போலவே புளியங்கொட்டை மாவும் பயன்படும். அம்மாவில் இருப்பது சைலோகுளூக்கன் என்னும் கூட்டுச் சர்க்கரை. முதுகெலும்பு செல்லுலோஸ் போன்றது. ஆனால் பக்கவாட்டில் கிளைத்த சிறு சர்க்கரைகள் சங்கிலிகளை நெருங்கவிடாமல் தடுப்பதால் அது நீரில் கரைகிறது. புளியை எடுத்துக்கொண்டு நாம் ஒதுக்கும் கொட்டைக்குள் இவ்வளவும் இருக்கின்றது. அதன்மேல் நூற்றுக்கு எத்தனை கண்ணியில், எந்தத் துண்டை வைத்தால், அது எந்த அளவில் தானே கூடி நிற்கும்? இவ்வினாவை அடுத்த ஆண்டு நம் ஆய்வுக்கூடத்துக்கு வரும் தம்பி தங்கையரிடமும், நமக்குக் கற்பிக்கும் பேராசிரியப் பெருமக்களிடமும் பணிவோடு வைத்து நிறைவு செய்கிறேன்.